ஓட்டுக் கூரையைப் பிரிக்கும் முன் மேலே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடைமழைக் காற்று ஒரு சாயங்காலம் சுழற்றி அடித்தால் போதும், மறுநாள் காலையிலேயே எங்கள் ஊத்தங்கரைப் பக்கம் தெருத்தெருவாக ஆட்கள் வந்துவிடுகிறார்கள். "பழைய ஓட்டு வீடு இனிமே தாங்காதுங்க, பிரிச்சுட்டு கலர் ஷீட் போட்டுடலாம், ரெண்டே நாள்ல முடிச்சுக் கொடுத்துடறோம்" என்று வாசலில் நின்றபடியே சதுரத்துக்கு, அதாவது நூறு சதுர அடிக்கு, இவ்வளவு என்று விலையும் சொல்லிவிடுவார்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. என்று கொட்டித் தீர்த்ததே, அந்தப் பயம் இன்னும் மக்களுக்குப் போகவில்லை. அதை வைத்துத்தான் இந்த வியாபாரம் நடக்கிறது.

ஏணி போட்டு மேலே ஏறாமல் விலை சொல்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். ஓட்டு வீடு ஒழுகினால் பெரும்பாலும் குற்றம் ஓட்டில் இருக்காது. ஓட்டைத் தாங்கும் ரீப்பர் சட்டம் உளுத்திருக்கும், முகட்டு ஓட்டின் பூச்சு விட்டிருக்கும், இல்லை இரண்டு கூரை சேரும் இடத்துத் தகர வாய்க்காலில் சருகு அடைத்துத் தண்ணீர் உள்ளே எதிர்த்து வரும். விவரம் தெரிந்த மேஸ்திரி முதலில் கூரையைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்தின், சுவருக்குள் போகும் நுனியைத்தான் பார்ப்பார், ஏனென்றால் ஈரம் தங்கி மரம் மக்குவதும் கரையான் ஏறுவதும் அங்கேதான். ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் குத்துவார். முனை மட்டும் பதிந்தால் சரி, பாதி உள்ளே இறங்கினால் அந்த ஒரு கைமரத்தை மாற்றச் சொல்வார். முழுக் கூரையையும் பிரிக்கச் சொல்ல மாட்டார்.

எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் முழுக்கப் பிரித்துவிட்டு அதே உளுத்த கைமரத்தின் மேல் ஷீட்டை அடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த காற்றுக்கே இரண்டு ஷீட் பக்கத்துக் கொல்லை மாமரத்தில் போய்த் தொங்கியது. மங்களூர் ஓடு என்கிற சீமை ஓடு ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல் கனம், இடுக்குகளில் காற்றும் புகுந்து வெளியேறும், அதனால் பலத்த காற்றில் நாலைந்து ஓடு நகருமே தவிர கூரை அப்படியே கிளம்புவது குறைவு. ஷீட் அப்படியில்லை, கனம் குறைவு, காற்று அடியில் புகுந்தால் பாய்மரம் மாதிரி தூக்கும். அதைச் சுவரோடு இறுக்கிப் பிடிக்க என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள், பதில் வரவில்லை என்றால் அனுப்பிவிடுங்கள். ஷீட்தான் வேண்டும் என்கிறவர்கள் தடிமனைப் பில்லில் எழுதி வாங்குங்கள். 0.50 மி.மீ. என்று பேசிவிட்டு 0.35 இறக்குவது நடக்கிறது, கண்ணால் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொன்று, "பழைய ஓட்டையும் மரத்தையும் நாங்களே அள்ளிக்கிட்டுப் போயிடறோம், உங்களுக்குச் செலவில்லை" என்பார்கள். ஏதோ உபகாரம் மாதிரி இருக்கும். உடையாத பழைய சீமை ஓட்டுக்கும் நன்றாக இருக்கும் தேக்கு, பனை மரத்துக்கும் பழைய சாமான் கடையில் நல்ல கிராக்கி! எடுத்துப் போகட்டும், ஆனால் எண்ணி விலை போட்டுக் கூலியில் கழிக்கச் சொல்லுங்கள்.

உத்திர மரத்தின் மேல் சுண்ணாம்புத் தளம் போட்ட மச்சு வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சுண்ணாம்புத் தளம் ஒழுகுகிறது என்று மேலே சிமெண்டைப் பூசிவிட்டுப் போகிறவரை நம்பாதீர்கள், உள்ளே போன ஈரம் காய வழியில்லாமல் உத்திரத்தில் இறங்கும்.

பணம் எப்படிக் கொடுப்பது என்று கேட்டால், சாமான் இறங்கியதும் ஒரு பங்கு, வேலை முடிந்ததும் ஒரு பங்கு, மீதியை ஒரு நல்ல மழை பெய்து பார்த்த பிறகு. உள்ளூர் ஆள் இதற்குச் சம்மதிப்பார், சந்தையில் நாளைக்கும் உங்கள் முகத்தில் விழித்தாக வேண்டுமே. ஊர் ஊராகப் போகிறவர் முழு அட்வான்ஸ் கேட்பார். அப்புறம், நிவாரணத்துக்கு மனுக் கொடுக்கிறவர்கள் வி.ஏ.ஓ. வந்து பார்ப்பதற்கு முன் ஒரு ஓட்டைக்கூட நகர்த்த வேண்டாம். அவசரமாக மூடித்தான் ஆக வேண்டும் என்றால் நாலு பக்கமும் போட்டோ எடுத்துவிட்டுத் தார்ப்பாய் போடுங்கள்.

இந்தப் பக்கம் ஓட்டு வேலை தெரிந்தவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், போர்டு கிடையாது, விசிட்டிங் கார்டு கிடையாது, கேட்டு விசாரித்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்தவர்களில் ஓடு மாற்றத் தெரிந்தவர் யார் யார் என்று கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்ட நிர்வாகங்கள் ஒரு பட்டியல் எடுத்து, அடுத்த கோடைக்காற்றுக்கு முன் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓட்டு வீட்டில் குடியிருக்கும் வாசகர்,
ஊத்தங்கரை.