பூங்கா அல்லிக்குளத்தில் கழிவு ஆயில் ஊற்றுவதை நிறுத்தக் கோரி மனு

அனுப்புநர்:
பூங்கா அல்லிக்குளத்தைப் பராமரிக்கும் குடியிருப்போர்

பெறுநர்:
உயர்திரு நகர்நல அலுவலர் அவர்கள், மாநகராட்சி அலுவலகம்

பொருள்: குளத்துக் கொசுப்புழுக்களை மீன், பி.டி.ஐ. (கொசுப்புழுவைக் கொல்லும் பாக்டீரியா) மருந்து கொண்டு கட்டுப்படுத்த வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 10 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் உள்ள அல்லிக்குளத்தில் புழு பெருகியிருப்பது உண்மைதான். அதற்காகக் கழிவு ஆயிலும் பிளீச்சிங் பவுடரும் கொட்டுவதால், புழுவைத் தின்னும் நீர்வண்டும் மீனும் சேர்ந்தே சாகின்றன. கியூலெக்ஸ் கொசு முட்டையிலிருந்து பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். தின்ன ஆளில்லாத குளத்தில் அது முன்னிலும் அதிகமாகப் பெருகும்.

எல்லாப் புழுவும் கொசுப்புழு அல்ல. அடிச்சேற்றில் நெளியும் சிவப்புப் புழு, கொசுவைப் போலிருந்தாலும் கடிக்காத ஒரு பூச்சியின் குஞ்சு. சேறு மிகுந்து ஆக்சிஜன் குறைந்ததற்கு அடையாளம். அதற்கு மருந்து வேண்டாம், தூர் வாரினால் போதும். நீர்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கி, தொட்டதும் துள்ளிக் கீழிறங்குவதுதான் கியூலெக்ஸ்.

இன்னொன்று கண்ணில் படாது. மான்சோனியா கொசுவின் புழு ஆகாயத்தாமரை வேரைக் குத்தி அங்கேயே மூச்சு வாங்கும்; மேலே வரவே வராது. எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. செடியை வேரோடு வாரிக் கரையேற்றி உலர்த்துவதே வழி.

ஆகவே முதலில் ஆகாயத்தாமரையை முழுதும் அகற்ற வேண்டும். பிறகு மூன்றில் ஒரு பங்கு நீரை மட்டும் இறைத்துச் சேற்றை அள்ளி, ஓரிரவு கரையோரமாகவே வைத்தால், கொசுப்புழுவைத் தின்னும் தட்டான் குஞ்சுகள் தாமே தண்ணீருக்குத் திரும்பிவிடும். சேறு மிகுந்த கலங்கல் நீரில் பி.டி.ஐ. சரியாக வேலை செய்யாது என்பதால் இந்த வரிசை மாறக் கூடாது.

பி.டி.ஐ. தூளுக்கு ஹெக்டேருக்கு 5 கிலோ என்ற அளவில் இக்குளத்துக்கு 25 கிராம் ஆகும். வாங்கும் பாக்கெட்டில் வேறு அளவு இருந்தால் அதையே கொள்ளலாம். ஒரு வாளி நீரில் கரைத்து, புழு ஒதுங்கும் கரையோரத்திலும் அல்லி இலைகளின் இடுக்கிலும் தெளிக்க வேண்டும். தின்றால்தான் மருந்து புழுவைக் கொல்லும். கூட்டுப்புழு எதையும் தின்னாது, அதனால் சாகாது. ஒருமுறை தெளித்துவிட்டு மருந்து சரியில்லை என்று பலர் கைவிடுவது இதனால்தான். வாரம் ஒருமுறை, மீன் நிலைக்கும் வரை தெளிப்பது அவசியம்.

புழுவைத் தின்ன விடும் மீன்களில் கம்பூசியா வேண்டாம். அது தலைப்பிரட்டையையும் பிற மீன்களின் குஞ்சையும் தின்னும். உச்சந்தலையில் வெள்ளிப்பொட்டு மின்னும் நம் பாஞ்சாக்ஸ் மீன் நீர்மட்டத்திலேயே மேய்வதால் அதுவே பொருத்தம்.

எனவே ஆயிலும் பிளீச்சிங் பவுடரும் ஊற்றுவதை உடனே நிறுத்தவும், தூர் வார ஆட்களை அனுப்பவும், பி.டி.ஐ. தூளும் மீன்குஞ்சும் வழங்கவும் வேண்டுகிறோம். வாரந்தோறும் வெள்ளைக் கரண்டியால் பத்து இடங்களில் நீர் மொண்டு புழுவை எண்ணிப் பதிவேட்டில் எழுதும் பொறுப்பை நாங்கள் ஏற்கிறோம்.

இப்படிக்கு,
அல்லிக்குளம் பராமரிக்கும் குடியிருப்போர்