உன்னைப் பற்றித்தான் பேசினேன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேச்சு முடியட்டும், எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். போன புதன்கிழமை பேசிவிட்டேன்.

மேடையில் பேசப் பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றத்தில் சேர்ந்ததைச் சொல்லியிருந்தேன் அல்லவா? அங்கே புதிதாகச் சேருகிறவர் முதலில் தன்னைப் பற்றிப் பேச வேண்டும். ஐஸ் பிரேக்கர் என்பார்கள். 4 முதல் 6 நிமிடம். நான்காவது நிமிடத்தில் பச்சை விளக்கு, ஐந்தில் மஞ்சள், ஆறில் சிவப்பு. நம்மைப் பற்றிப் பேச என்ன கஷ்டம் என்று எழுத உட்கார்ந்தேன். நான்கு பக்கம் வந்தது. சத்தமாக வாசித்து நேரம் பார்த்தால் 11 நிமிடம்!

வெட்டுவதற்குத்தான் ஒரு வாரம் ஆனது. பிறந்தது, படித்தது, வேலைக்குப் போனது எல்லாம் போயிற்று. சிறுவயதில் நான் தண்ணீரில் மூழ்கியது, நீ முடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தது, அதன்பின் 43 வயதில் நீச்சல் கற்றது, இவ்வளவுதான் மிஞ்சியது. அதிலும் நான் ரசித்து எழுதிய நீளமான வாக்கியங்கள் வாயில் நிற்கவில்லை. படிக்கிறவருக்குப் புரியாவிட்டால் மேலே போய் இன்னொரு முறை படிப்பார். கேட்கிறவர் என்ன செய்வார்? எல்லாவற்றையும் சின்னச் சின்னதாக உடைத்தேன்.

முழுப் பேச்சையும் உருப்போட்டுப் பார்த்தேன். ஒரு சொல் தவறினால் மீதி அத்தனையும் மறந்தது. அப்புறம் முதல் இரண்டு வரியையும் கடைசி வரியையும் மட்டும் மனப்பாடம் செய்தேன். நடுவில் கதை நடந்த வரிசையே போதுமாக இருந்தது.

அன்று தொண்டை காய்ந்தது, குறிப்புத்தாள் கையில் ஆடியது. ஆனாலும் முடித்துவிட்டேன்: 5 நிமிடம் 40 விநாடி. 'வந்து, வந்து' என்று ஒன்பது முறை இழுத்தேனாம். அதை எண்ணுவதற்கென்றே ஒருவர் இருக்கிறார்.

பிறகு மதிப்பீட்டாளர் எழுந்தார். பேசியவரைச் சக உறுப்பினரே மதிப்பிடுவது, 1924-இல் கலிபோர்னியாவின் சாண்டா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி டோஸ்ட்மாஸ்டர்ஸ் அமைப்பைத் தொடங்கிய காலத்திலிருந்து வரும் வழக்கம். குரல் நன்று, தொடக்கம் நன்று என்று சொல்லிவிட்டு, "மூழ்கிய இடத்தை நீங்கள் சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். அதனால் எங்களுக்குப் பயமே வரவில்லை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் இத்தனை வருடமும் அதை அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன். வீட்டில் சொன்னபோதும் சிரிப்புதான். அன்று எவ்வளவு பயந்தேன் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்கூட. பேசக் கற்றுக்கொள்ளப் போன இடத்தில் இது தெரியவந்ததை நான் பெரிதாக நினைக்கிறேன்.

உன் அலுவலகப் பிரிவுபசார விழாவில் பேச மறுத்துவிட்டதாக எழுதியிருந்தாய். முப்பது வருடம் உடன் வேலை பார்த்தவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் வரப்போகிறாயா? மூன்று நிமிடம் போதும். எழுத வேண்டாம், செல்போனில் பேசிப் பதிவுசெய்து அனுப்பு. நான் கேட்டுச் சொல்கிறேன்.

அடுத்த மாதம் அதே சம்பவத்தை இன்னொரு முறை பேச அனுமதி கேட்டிருக்கிறேன். இந்த முறை சிரிக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு நினைவில் இருப்பது பச்சைத் தண்ணீரும் உன் கையும்தான். நான் கத்தினேனா? நீ எப்படிப் பார்த்தாய்? கரையில் என்ன பேசினோம்? எல்லாவற்றையும் விவரமாக எழுது.

அன்புடன்,
உன் நண்பன்