கம்பம் சாய்ந்ததும் ஞாயிறு காலை ஏழு மணியும்

குள்ளஞ்சாவடி,
புரட்டாசி, ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். தோள்பட்டை வீக்கம் வடிந்துவிட்டது, கையைத் தூக்கிச் சட்டை போட முடிகிறது. கம்பம் சாய்ந்ததைச் சித்தி சொல்லி நீ தெரிந்துகொள்ளும்படி ஆகிவிட்டது. நானே சொல்லியிருக்க வேண்டும். நீ கோபப்பட்டது நியாயம்தான். "கையில போன் இருக்கும்போது இந்தக் கம்பி, கம்பம் எல்லாம் எதுக்குப்பா?" என்று கேட்டாய். அப்போது எனக்குப் பதில் சரியாக வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஹாம் ரேடியோவின் ஆன்டெனாக் கம்பியைக் கட்டக் கொல்லையில் நட்டிருந்தோமே முப்பது அடி சவுக்குக் கம்பம், அதன் அடியைக் கரையான் தின்றிருக்கிறது. மேலே பார்த்தால் கல் மாதிரி நின்றது, மண்ணுக்குள் ஒரு சாண் மாவாகிக் கிடந்தது. அன்று கப்பியில் சிக்கிய கயிற்றை எடுக்க ஏணி சார்த்தி நாலு படி ஏறினேன். இழுகயிறு மூன்று இருந்ததால் கம்பம் மெதுவாகத்தான் சாய்ந்தது. நான் வேலி ஓரம் விழுந்தேன். கரண்ட் கம்பி அந்தப் பக்கமே கிடையாது, அதைப் பார்த்துத்தான் இடமே தேர்ந்தெடுத்தோம். இப்போது ஜிஐ பைப் போட்டாகிவிட்டது. அடியில் கீல் வைத்திருக்கிறோம், இரண்டு பேர் நின்று சாய்க்கலாம், நிமிர்த்தலாம். நம் ஹாம் ரேடியோ கிளப்பில் இருக்கிற லைன்மேன் தம்பிதான் வெல்டிங் வைத்துக் கொடுத்தார். இனி நான் ஏற மாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

கம்பத்தின் உயரத்தைக் கூட்ட வேண்டிய தேவையும் இல்லை. 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேச இந்தப் பக்கம் பத்து மீட்டர், அந்தப் பக்கம் பத்து மீட்டர் செம்புக் கம்பி போதும். அது தாழ்வாக இருந்தால் அலை நேரே மேலே போய், வானத்தில் வெகு உயரே இருக்கும், ரேடியோ அலையைத் திருப்பி அனுப்பும் அயனிப் படலத்தில் பட்டு, குடை விரித்த மாதிரி முந்நூறு நானூறு கிலோமீட்டருக்குள் இறங்கும். சென்னை, மதுரை, உன் பெங்களூர் எல்லாம் அந்தக் குடைக்குள்தான். நமக்கு வேண்டியதும் அதுதான்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன்.

தானே புயல், 2011 டிசம்பர் 30 விடியற்காலை. நீ கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்காகச் சென்னை ஹாஸ்டலிலேயே தங்கியிருந்தாய். கடைத் தகரம் பறந்ததும் முந்திரித் தோப்பில் ஒரு மரம்கூட நிற்காமல் போனதும் உனக்குத் தெரியும். பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்துப் பலா மரங்கள் வேரோடு புரண்டு கிடந்ததையும் பிறகு வந்து பார்த்தாய். உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்று கடையில் ரிப்பேருக்கு வந்த ரேடியோ பதினேழு இருந்தது. ஒன்றில் பேட்டரி போட்டுத் திருப்பினால் கடலூர் அழிந்துவிட்டது என்று செய்தி சொன்னது. அந்தச் செய்தியைத்தான் நீயும் கேட்டுக்கொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். டவர் எதுவும் பேசவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் ரேடியோவைப் பிரித்து மாட்டியவன் நான். என்னைச் சுற்றி இருந்த பதினேழும் கேட்க மட்டும் தெரிந்த பெட்டிகள். ஒன்றிலிருந்தும் "அம்மாவும் நானும் உயிரோடு இருக்கிறோம்" என்று உனக்குச் சொல்ல முடியவில்லை. நாலாம் நாள் பக்கத்துத் தெருப் பையன் பைக்கில் விழுப்புரம் வரை போய் உனக்குப் போன் போட்டான். மூன்று நாள் நீ சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு உன் தோழி சொன்னாள். அந்த மூன்று நாளை என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை, பாப்பா.

அதற்கப்புறம்தான் நெல்லிக்குப்பம் தலைமையாசிரியர் ஐயா என்னை உட்காரவைத்து ஹாம் ரேடியோ பற்றிச் சொன்னார், உரிமம் வாங்கிக்கொண்டு நாமே ரேடியோவில் கேட்கவும் பேசவும் செய்வது. 2004 சுனாமியின்போது பாரதி பிரசாத் என்ற அம்மா, உலகம் முழுக்க இருக்கிற ஹாம்களோடு பேசுவதற்காகக் குழுவோடு அந்தமான் போயிருந்தார். கடல் பொங்கியதும் அதே செட்டை வைத்து, தீவில் இருப்பவர்களின் சேதியை வெளியே அனுப்பினார். தேவனாம்பட்டினத்தில் நாம் பிணம் தேடிய அதே நாட்கள். அதைக் கேட்ட அன்றே உரிமத்துக்கான பரீட்சை எழுதுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

பெரிய கிரேடு உரிமத்துக்கு மோர்ஸ் வேண்டும், அதாவது எழுத்துகளைப் புள்ளி, கோடு ஒலிகளாகச் சொல்லும் முறை, நிமிடத்துக்கு 8 சொல். ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் புது பாஷை படிப்பது போல இருந்தது. கடை வாசலில் உட்கார்ந்து போகிற வண்டியின் நம்பர் பிளேட்டை மோர்ஸில் வாய்க்குள் சொல்லுவேன். டிஎன் 31 என்றால் "டா, டா-டி, டி-டி-டி-டா-டா, டி-டா-டா-டா-டா." புதுச்சேரி வண்டி வந்தால் "டி-டா-டா-டி, டா-டி-டா-டா." உன் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன பஸ்ஸிலும் அதுதான். அம்மா ஒரு கட்டத்தில் பிளேட்டைப் பார்க்காமலே "இது நம்ம ஊர் வண்டி" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள். காதில் தாளமாக விழ வேண்டும், புள்ளி கோடு என்று எண்ணினால் வராது.

இப்போது கிளப்பில் பதினோரு பேர். உரிமம் இருப்பது ஆறு பேருக்குத்தான். மற்றவர்கள் கேட்பார்கள், குறித்துக்கொள்வார்கள், மைக் பட்டனைத் தொட மாட்டார்கள். அதில் நாங்கள் கண்டிப்பு. ஒரு முந்திரி வியாபாரி, லைன்மேன், தலைமையாசிரியர் ஐயா, தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு மீனவர் வீட்டுப் பையன், கல்லூரிக்குப் போகிற இரண்டு பிள்ளைகள் என்று கலவையாக இருக்கிறோம். பெரிய காரியம் எதுவும் தினம் நடப்பதில்லை. இரவு எட்டரைக்கு "நெட்", அதாவது எல்லோரும் ஒரே அலைவரிசையில் கூடுவது. ஒவ்வொருவராகக் கால் சைன் (உரிமத்தோடு கிடைத்த அடையாளப் பெயர்) சொல்லி, தன் ஊரில் மழை எத்தனை மில்லிமீட்டர், காற்று எந்தப் பக்கம், பேட்டரி எத்தனை வோல்ட் என்று சொல்வார்கள். சில நாள் நாலே பேர், ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். ஒருவர் இரண்டு நாள் வரவில்லை என்றால் மூன்றாம் நாள் யாராவது வண்டி எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்போம். வியாபாரி காய்ச்சலில் தனியாகக் கிடந்தது அப்படித்தான் தெரிந்தது.

ஒன்று சொல்ல வேண்டும், நீ இதைப் பார்த்ததில்லை. இப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு எல்இடி பல்பு, இன்வெர்ட்டர், செட்டாப் பாக்ஸ். செட்டைத் திருப்பினால் ஒரே இரைச்சல், மழை பெய்கிற மாதிரி. சிக்னலை அளந்து காட்டும் முள் பாதிக்கு மேல் நின்றுகொண்டே இருக்கும். திடீரென்று ஊரில் கரண்ட் போகும். நான் பேட்டரியில் இருப்பேன். முள் சட்டென்று கீழே விழும். இரைச்சல் முழுக்க வடிந்து, அதன் அடியில் இவ்வளவு நேரம் பேசிக்கொண்டே இருந்த ஒருவர் குரல் மேலே வரும், கொல்லத்திலிருந்தோ பூனாவிலிருந்தோ. ஊரே இருட்டில் இருக்கும்போதுதான் இது நன்றாகக் கேட்கிறது. முதல் தடவை அப்படிக் கேட்டபோது அம்மாவைக் கூப்பிட்டேன். அவள் மெழுகுவர்த்தியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி பக்கம் கரையேறி, நகராமல் நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல். நாம் காற்றுக்குப் பயந்து நின்றோம், அடி தண்ணீரில் வந்தது. சாத்தனூர் அணை திறந்து, டிசம்பர் 2-ஆம் தேதி பெண்ணையாறு கரை புரண்டது. கல்லூரிப் பையன் ஒருவன் ஆற்றோரத்துப் பள்ளிக்கூடத்தில், மக்களைத் தங்கவைத்திருந்த இடத்தில், பைப்பில் ஆன்டெனா கட்டி உட்கார்ந்தான். கார் பேட்டரியில் ஓடும் செட். தலைமையாசிரியர் ஐயா நடுவில். நான் இங்கே, நோட்டும் பேனாவும்.

போன் அடியோடு செத்துவிடவில்லை, விட்டுவிட்டு வந்தது. ஆனால் அங்கே இருந்தவர்கள் சார்ஜை மிச்சம் பிடித்துச் சொந்தக்காரர்களோடு பேசட்டும் என்று, பாய், பால்பவுடர், மருந்துக் கணக்கையெல்லாம் நாங்கள் எடுத்துக்கொண்டோம். பையன் பாய் எத்தனை வேண்டும் என்று சொன்னான். இரைச்சலில் அறுபதா எழுபதா தெரியவில்லை. தமிழில் அந்த இரண்டும் ஒன்று போலத்தான் விழும். இலக்கம் இலக்கமாகச் சொல் என்றேன். "ஏழு, சைபர்" என்றான். திரும்பச் சொல்லிச் சரிபார்த்தேன். அறுபது என்று தப்பாக எடுத்திருந்தால் பத்துப் பேர் ஈரத் தரையில் படுத்திருப்பார்கள் இல்லையா? அடுத்தது இன்சுலின், இரண்டு பேருக்கு, ஐஸ் பெட்டியோடு. அது போய்ச் சேர்ந்தது என்று பையன் இரவு பதினொன்றுக்குச் சொன்னான். எட்டரை மணி நெட்டில் ஏழு நிமிடம், மில்லிமீட்டரும் வோல்ட்டும் சொல்லிச் சொல்லிப் பழகாமல் இருந்தால் அன்று அவனுக்கு அந்த நிதானம் வந்திருக்காது. இதுதான் நான் போனில் உனக்குச் சொல்ல முடியாமல் திணறியது.

துக்கம் மட்டும் எழுதிவிட்டேனோ? பள்ளிப் பிள்ளைகளோடு நரி வேட்டை நடத்துகிறோம். சின்ன டிரான்ஸ்மிட்டர் ஒன்றை முந்திரித் தோப்பில் ஒளித்துவைப்போம். டெய்லர் டேப் இல்லை, தச்சர் வைத்திருப்பாரே இரும்பு அளவு டேப், அதை வெட்டி பிவிசி பைப்பில் மாட்டினால் ஆன்டெனா. அதைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி நின்று, சத்தம் எங்கே கூடுகிறதோ அந்தப் பக்கம் ஓட வேண்டும். போன முறை எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி மற்றவர்கள் எல்லாம் வடக்கே ஓட, தனியாகத் தெற்கே நடந்து போய்ப் பனங்கொட்டைக் குவியலுக்குள் கையை விட்டு எடுத்தாள். கிணற்றுச் சுவரில் பட்டுத் திரும்பிய சத்தத்தைத்தான் மற்றவர்கள் துரத்தியிருக்கிறார்கள். அதை அவளே விளக்கிச் சொன்னாள்.

மாசி, பங்குனியில் சாயங்காலம் கடலூர் சில்வர் பீச்சுக்குப் போவோம். கடல் மேல் குளிர்ந்த காற்றும் அதன் மேல் சூடான காற்றும் அடுக்காக நிற்கும்போது, கையடக்க செட்டின் அலைகூட அந்த இடுக்கில் வழுக்கிக்கொண்டு வெகுதூரம் போகும். ஒரு நாள் "4எஸ்7" என்று ஆரம்பிக்கும் இலங்கை நிலையம் ஒன்று. நான் தமிழில் கேட்டேன். "ஓம், வடிவா கேக்குது" என்று பதில் வந்தது. என் கையில் இருந்தது ஐந்து வாட் செட்.

அப்புறம் நம் பேரன் விஷயம். 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா விண்வெளி நிலையத்திலிருந்து ஹாம் ரேடியோவில் பிள்ளைகளோடு பேசினாரே, உன் பெங்களூரில்தான் அந்த நிகழ்ச்சி. அதைப் பற்றி அவன் என்னிடம் முக்கால் மணி நேரம் கேட்டான். பரீட்சை எழுத 12 வயது ஆக வேண்டும். அவனுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அவன் விரும்பினால் மட்டும். நீ வற்புறுத்த வேண்டாம், நானும் மாட்டேன். அதுவரை கேட்கட்டும். சாதாரண ரேடியோவில் எங்கள் பேச்சு வாத்து கத்துவது போலத்தான் இருக்கும், அதனால் எஸ்எஸ்பி (நாங்கள் பேசும் முறை) எடுக்கிற சின்ன ரிசீவர் ஒன்றைக் கடையில் சரிசெய்து வைத்திருக்கிறேன். சித்தி மகன் அடுத்த வாரம் பெங்களூர் வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். ஆறு மீட்டர் ஒயரும் சேர்த்து வைக்கிறேன். பால்கனிக் கம்பியில் படாமல் வெளியே நீட்டிக் கட்டு. லிஃப்ட் மோட்டார் பக்கம் வேண்டாம்.

ஐப்பசி பிறக்கப் போகிறது. இந்த மழை முடியும் வரை என்னை அங்கே வரச் சொல்லாதே. பொங்கலுக்கு நீங்கள் வாருங்கள், திரும்பும்போது நாங்களும் கூட வந்து ஒரு மாதம் இருக்கிறோம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு 7 மெகாஹெர்ட்ஸில் வருவோம். சரியான இடத்தை ரிசீவர் மேலேயே சீட்டு ஒட்டி எழுதியிருக்கிறேன். விதிப்படி உன்னையோ அவனையோ பெயர் சொல்லி அழைத்து வீட்டுச் சேதி பேசக் கூடாது. ஆனால் என் முறை வரும்போது கொல்லையில் எத்தனை மில்லிமீட்டர் என்று வழக்கம்போலச் சொல்லுவேன். மழைமானி கொல்லையில் பழைய பலா மரம் இருந்த இடத்தில்தான் இருக்கிறது. அம்மா தினம் காலையில் போய்ப் பார்த்துச் சொல்வதுதான் அந்தக் கணக்கு.

அன்புடன்,
அப்பா