காசை வீசினால் தர்மமா?

ஆசிரியருக்கு,

ஞாயிறு மலர் தொடர்கதையில் அந்த ராணி வாராவாரம் பல்லக்கிலிருந்து பொற்காசை வீசிவிட்டுப் போகிறாரே, தர்மம் அவ்வளவுதானா? பேரன் விஜயரங்க சொக்கநாதன் குழந்தையாக இருந்ததால் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டார், ஓரமாக மரம் நட்டார், வழிப்போக்கர்கள் சாப்பிட்டுப் படுக்கச் சத்திரம் கட்டினார், மதுரை ரயில் நிலையம் பக்கம் அவர் பெயரில் சத்திரம் இன்றும் இருக்கிறது. இடது கையால் வெற்றிலை போட்டுக்கொண்ட பாவத்துக்குப் பரிகாரமாம் (இத்தனை சாலைக்கு ஒரு வெற்றிலை போதுமா என்ன!). சரி, கதாசிரியர் அடுத்த வாரமாவது ராணியைக் கணக்குப்பிள்ளையோடு உட்கார வைக்கட்டும். சத்திரத்து அரிசி எந்த ஊர் நிலத்திலிருந்து வருகிறது, கிணறு தூர்வார யார் கூலி கொடுப்பது என்று அவர் கேட்கட்டும், அப்புறம் காசு வீசலாம்.

- ஒரு வாசகர், மதுரை