ஆக்சிஜன் வருவது தண்ணீரிலிருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

மாணவர் பக்கத்தில் ஒளிச்சேர்க்கை பற்றி வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால், செடி கார்பன் டை ஆக்சைடைப் பிரித்து ஆக்சிஜனை வெளியிடுகிறது என்று எழுதியிருப்பது சரியல்ல. அந்த ஆக்சிஜன் தண்ணீரிலிருந்துதான் வருகிறது. 1941-இல் விஞ்ஞானிகள் ரூபன், கேமன் குழுவினர் ஆக்சிஜன்-18 என்ற கனமான வகை ஆக்சிஜன் சேர்ந்த தண்ணீரைக் குளோரெல்லா பாசிக்குக் கொடுத்து, அது வெளியிட்ட வாயுவிலும் அதே கனமான ஆக்சிஜன் இருப்பதைக் கண்டு இதைக் காட்டினார்கள். எவ்வளவு அழகான சோதனை! பச்சையம் வாங்கும் வெளிச்சத்தின் பலத்தில் தண்ணீர் பிளவுபடுகிறது; அதில் கிடைக்கும் எலக்ட்ரான்களின் ஓட்டத்தால் ஏடிபி, என்ஏடிபிஎச் என்ற ஆற்றல் மூலக்கூறுகள் உருவாகின்றன. அப்புறம்தான் அவற்றை வைத்து கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் வேலை. இரண்டு கட்டங்களையும் பிரித்துச் சொன்னால் பிள்ளைகளுக்குச் சுலபமாகப் புரியும், வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஒரு படத்துடன் திருத்தம் வெளியிடுங்கள்.

- அறிவியல் ஆசிரியை, மன்னார்குடி