காமன் பொட்டலில் எங்களோடு விடிய விடிய நின்றவர்களுக்கு

அன்புள்ள தொலைக்காட்சிக் குழுவினருக்கும், அந்த நாட்களில் எங்களோடு ஓடியாடித் திரிந்த எல்லோருக்கும் வணக்கம்.

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் காமன் கூத்தை, காமனான மதனைச் சிவன் எரிக்கிற கதையை ஆடுகிற அந்தக் கூத்தை, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை படம் பிடித்து, அதை அரச தொலைக்காட்சியின் தமிழ் அலைவரிசையில், அதுவும் சனங்கள் வேலை முடிந்து வீட்டில் இருக்கிற நேரத்தில் போட்டீர்கள். உங்களுக்கு நேரில் ஒழுங்காக நன்றி சொல்லக் கிடைக்கவில்லை. நீங்கள் சாமான்களை வேனில் ஏற்றும்போது பாதிப் பேர் வேஷம் கலைத்துக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் தூங்கிப்போயிருந்தார்கள். அதனால்தான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன். கூத்துக் குழு எழுதச் சொன்னது. ஆனால் இதில் பாதி என் சொந்த மனதில் இருப்பது.

கேமரா எங்கள் பக்கம் வராமல் இல்லை. தேர்தல் வந்தால் வரும், சம்பளப் பேச்சு இழுபட்டால் வரும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் புதைந்தபோது வந்தது. அதெல்லாம் வரத்தான் வேண்டும், வராவிட்டால்தான் குறை. ஆனால் இத்தனை வருஷமாகத் திரையில் ஒரு மலையகத்து ஆள் தெரிந்தால் ஒன்று கொழுந்து பறித்துக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் அழுதுகொண்டிருப்பார். பகலில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற அதே மனிதர் இரவில் எமன் வேஷம் கட்டிப் பொட்டலில் இறங்கினால் சின்னப் பிள்ளைகள் தாயின் சேலைக்குள் ஒளிந்துகொள்வார்கள் என்பதும், பாட்டையும் வசனத்தையும் ஒரு கொப்பி கூடப் பார்க்காமல் மணிக்கணக்காகச் சொல்வார் என்பதும் நாட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? நீங்கள் அந்த மனிதரைக் காட்டினீர்கள். என் நன்றியில் பெரிய பங்கு அதற்குத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15ஆம் திகதி தொடங்கியது. அதன் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்புகிற கோபுரம் நிற்பது நுவரெலியாவில், எங்கள் பிதுருதலாகலை மலை உச்சியில், 2,524 மீட்டர் உயரத்தில். இந்த நாட்டில் அதைவிட உயரமான இடம் இல்லை. வானம் தெளிந்த நாளில் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிற சனம் நாங்கள். அந்த மலையிலிருந்து எத்தனையோ ஊரின் பெரஹராவும் நாடகமும் பாட்டும் வீடு வீடாகப் போயிருக்கின்றன. எங்கள் கூத்து, எங்கள் ஆட்கள் சொன்ன மாதிரியே, அவசரப்படாமல் போனதை நான் இப்போதுதான் பார்த்தேன். பொதுச் சனத்தின் காசில் நடக்கிற தொலைக்காட்சியில் எங்களுக்கும் ஒரு பங்கு உண்டு என்று மேடையில் யார் சொன்னாலும் மனதில் ஏறாது, அன்று இரவு ஏறியது.

தயாரிப்பாளர் அக்காவுக்கு முதல் நன்றி. நீங்கள் கேமராவோடு வரவில்லை. முதலில் சும்மா வந்தீர்கள், கூத்து மாஸ்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டு கதையைக் கேட்டீர்கள். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் கம்பம் ஊன்றுவது, காப்புக் கட்டியவர்கள் அதற்குப் பிறகு எப்படி நடந்துகொள்ள வேண்டும், ரதி மதன் கல்யாணம் எப்போது, தூது போவது எப்போது, சிவன் நெற்றிக்கண் திறந்து மதனை எரிப்பது எந்த நேரம், எரித்த பிறகு மதனை எழுப்புகிற சடங்கு ஏன் கட்டாயம் என்றெல்லாம் நீங்கள் எழுதிக்கொண்டு போனதைப் பார்த்து மாஸ்டர் என்னிடம் சொன்னார், "இந்தப் புள்ளைக்கு நெசமாவே தெரிஞ்சுக்கணும்னு இருக்கு" என்று. அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை லேசில் வராது. முன்பு ஒரு தடவை வேறு ஒரு குழு வந்து, பகல் வெளிச்சத்தில் வேஷம் கட்டி இரண்டு நிமிஷம் ஆடிக் காட்டச் சொல்லிவிட்டுப் போனது, அந்தக் கோபம் அவரிடம் கனகாலம் இருந்தது. காமனை எரிப்பதை மத்தியானத்தில் எரிக்கச் சொன்னால் எந்த மாஸ்டர்தான் பொறுப்பார்? நீங்கள் எங்கள் நேரத்துக்கு வந்தீர்கள். கம்பம் ஊன்றுகிற அன்றும் வந்தீர்கள், நடுவில் வந்தீர்கள், கடைசி இரவு முழுக்க நின்றீர்கள்.

ஒலிப்பதிவு செய்த அண்ணனைப் பற்றி நான் நீட்டித்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கூத்துக்கு உயிர், தப்பு என்கிற பறை. மாசி மாதத்துப் பனியில் தோல் தளர்ந்துவிடும், சத்தம் செத்துப்போகும், அதனால் ஆட்டத்துக்கு நடுவில் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை நெருப்பு மூட்டித் தப்பைக் காய்ச்சி எடுக்க வேண்டும். டிவிக்காரர்கள் பொதுவாக அந்த நேரத்தில் கேமராவை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணிக்குப் போய்விடுவார்கள். இவர் அந்த நெருப்புக்குப் பக்கத்திலேயே குந்தியிருந்து, காய்ச்ச முன்னம் ஒரு தட்டு, காய்ச்சிய பின்னம் ஒரு தட்டு என்று இரண்டையும் பதிந்தார். நிகழ்ச்சியில் அதை அப்படியே விட்டிருந்தீர்கள், மேலே யாரும் பேசவில்லை, பின்னணி இசை என்று எதையும் கொண்டுவந்து பூசவில்லை. எமன் வருகிற அடியும் ரதி வருகிற அடியும் வேறு வேறு என்பது காதால் கேட்டே புரிந்தது. என் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த நாள் மேசையில் தட்டிக் காட்டினார்கள், எது யாருடைய அடி என்று.

அதோடு சேர்ந்தது பெயர் விஷயம். தப்படிக்கிறவர்களைக் கடைசியில் நிறுத்துகிற பழக்கம் வெளியாரிடம் மட்டும் இல்லை, எங்களுக்குள்ளேயே இருக்கிறது. கூத்துக்கு அவர்கள் இல்லாமல் முடியாது, ஆனால் மாலை போடுகிற நேரம் அவர்களை மறந்துவிடுவோம். இதை எழுத வெட்கமாக இருக்கிறது என்றாலும் உள்ளதைத்தான் எழுதுகிறேன். நீங்கள் திரையில் பெயர் போட்டபோது சிவனுக்கும் மதனுக்கும் ரதிக்கும் என்ன எழுத்தோ அதே எழுத்தில், அதே அளவில், தப்புக்காரர் ஒவ்வொருவருடைய முழுப் பெயரும் வந்தது. "தோட்டத் தொழிலாளர்கள்" என்று மொத்தமாகக் கட்டிப் போடவில்லை, "கலைஞர்" என்று போட்டிருந்தீர்கள். எங்கள் தோட்டத்தில் அந்தச் சொல்லை அந்த வீடுகளைப் பார்த்து யாரும் சொன்னதில்லை. அடுத்த வருஷக் கூத்தில் முதல் மாலை தப்புக்குத்தான் என்று குழு முடிவு எடுத்திருக்கிறது, அதை உங்களுக்குத் தெரியப்படுத்தச் சொன்னார்கள்.

கேமரா பிடித்த மல்லிக்கும் (சிங்களத்தில் தம்பி) நன்றி. தமிழ் தெரியாது, ஆனால் கதையை முழுக்கக் கேட்டு வைத்திருந்தார். எங்கள் பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கிற சேர் அவர் பக்கத்தில் நின்று "இப்போ ரதி தடுக்கப் போறா, இப்போ மதன் கேட்கமாட்டான்" என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். அதனால்தான் தேவர்கள் சொல் கேட்டு மதன் புறப்படுகிற கட்டத்தில் கேமரா மதனை விட்டுவிட்டு ரதியின் கையைப் பிடித்தது. சேருக்கும் சேர்த்தே நன்றி. பெரிய லைட்டுகளைக் கொண்டுவந்தும் எரிக்கிற கட்டத்தில் அணைத்துவிட்டீர்களே, அது யார் யோசனையோ தெரியாது, நெருப்பின் வெளிச்சத்திலேயே எல்லா முகமும் தெரிந்தது. கீழே சிங்களத்தில் எழுத்து ஓட விட்டதற்குத் தனியாக ஒரு நன்றி. ஹட்டன் டவுனில் எங்களுக்குச் சாமான் கொடுக்கிற கடை முதலாளி, இத்தனை வருஷம் தப்புச் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டவர், மறுநாள் கடையில் வைத்து மதனை ஏன் எரித்தார்கள் என்று என்னிடம் விளக்கமாகக் கேட்டார்.

சரி, பெண்களுக்கு வருகிறேன். கூத்தில் ரதியும் ஆண்தான். எங்கள் வீட்டு மாமாதான் பல வருஷமாக ரதி கட்டுகிறார், நன்றாகச் செய்வார், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் மதன் எரிந்த பிறகு ரதி புலம்புகிற நேரத்தில் பொட்டலைச் சுற்றி இருக்கிற பெண்கள் எல்லோரும் அழுவார்கள், அந்த அழுகை சும்மா கதைக்காக அழுவது இல்லை, ஒவ்வொருத்திக்கும் போனவர் ஒருவர் இருப்பார். நீங்கள் அங்கே கேமராவைக் கொண்டுபோய் முகத்தில் நீட்டவில்லை. அடுத்த நாள், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பரா வாசலில் வயசான அம்மாக்களை உட்கார வைத்து, அவர்களாக விரும்பினால் பாடச் சொன்னீர்கள். ஒப்பாரியும் தாலாட்டும் மலையில் கொழுந்து எடுக்கும்போது படிக்கிற தெம்மாங்கும் வந்தன. வேலை வாங்குகிற கங்காணியைத் திட்டுகிற பாட்டு ஒன்றை ஒரு பாட்டி எடுத்துவிட்டபோது எல்லோரும் சிரித்த சிரிப்பையும் வெட்டாமல் போட்டிருந்தீர்கள். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போன சி.வி. வேலுப்பிள்ளை ஐயா, எங்கள் சனத்தின் பாட்டுகளைத் தேடித் தொகுத்து எழுதி வைத்துவிட்டுப் போனார், 1984இல் இறந்தார். அவர் எழுத்தில் வைத்ததை நீங்கள் குரலில் வைத்திருக்கிறீர்கள். எழுத்தில் ராகம் வராது.

உங்களுக்கு மட்டும் சொல்லி முடித்தால் ஊரில் என்னை விடமாட்டார்கள். பொட்டலுக்குக் கரண்ட் இழுத்துக் கொடுத்த எலெக்ட்ரீசியன் அண்ணன், வேனை அந்த ரோட்டில் கீழே இறங்கவிடாமல் தள்ளி ஏற்றிய, தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்குப் பொடியன்கள், ஹட்டனிலிருந்து உடுப்பும் கிரீடமும் வாடகை வாங்காமல் தந்தவர், அனுமதி கேட்ட அன்றே தந்த, தோட்டத்தை நடத்துகிற துரை, இரவு முழுக்க ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும் கொடுத்துக்கொண்டே இருந்த கடை அக்கா, எல்லோரையும் ஒரே ஆளாக நின்று கவனித்த தோட்டத் தலைவர், எல்லோருக்கும் நன்றி. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகள் லீவு எடுத்து வந்தார்கள், சிலருக்கு அந்த நாள் சம்பளம் போயிருக்கும், அதைச் சொல்லிக் காட்டாமல் வந்து நின்றார்கள். ஒளிபரப்பு இரவில் டிஷ்ஷில் சேனல் பிடிக்காத லயங்களுக்குப் பழைய அன்டெனாவைத் தேடி எடுத்துக் கம்பில் கட்டிக் கொடுத்ததும் அவர்களில் சிலர்தான்.

2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடை போனபோது, எங்கள் சனம் இங்கே வந்து 200 வருஷம் என்று நிறையப் பேசினோம். நல்லது. கோப்பித் தோட்டத்துக்கு என்று அந்தக் காட்டு வழியே வந்த சனம் கையில் கொண்டுவந்தது கொஞ்சம்தான், மனதில் கொண்டுவந்தது கூத்தும் பாட்டும் சாமியும். அதை இவ்வளவு காலம் காப்பாற்றினது பள்ளிக்கூடமோ அமைச்சோ இல்லை, எங்கள் மாஸ்டர் மாதிரி ஆட்கள். அவருக்கு வயசாகிறது. அவரிடம் படிக்க இளம் ஆட்கள் இரண்டு மூன்று பேர்தான் இருந்தார்கள். நிகழ்ச்சி போன பிறகு பக்கத்துத் தோட்டத்திலிருந்தும் பொடியன்கள் வந்து சாயந்திரத்தில் உட்கார ஆரம்பித்திருக்கிறார்கள். இது எத்தனை நாள் நிற்கும் என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் வந்திருக்கிறார்கள்.

நன்றிக் கடிதத்தில் கேட்கக் கூடாதுதான், ஆனாலும் ஒன்று கேட்கிறேன். விடிய விடிய நடந்ததை நீங்கள் ஒரு மணி நேரத்துக்குள் அடக்க வேண்டியிருந்தது, அது எங்களுக்குப் புரிகிறது. வெட்டாத முழுப் பதிவை அழித்துவிடாதீர்கள். தொலைக்காட்சி நிலையங்களில் இடம் இல்லை என்று பழைய பதிவுகளின் மேலேயே புதிதைப் பதிவார்கள் என்று கேள்விப்பட்டுப் பயந்துபோயிருக்கிறேன். ஒரு பிரதி எங்கள் பாடசாலைக்கும், ஒரு பிரதி பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரிக்கும் தந்தால், நாளைக்கு ஆசிரியராக வெளியே வருகிற பிள்ளைகள் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இதைக் காட்டிப் படிப்பிப்பார்கள். ஹார்ட் டிஸ்க் நாங்களே வாங்கித் தருகிறோம், தலைவர் ஏற்கெனவே காசு சேர்த்துவிட்டார்.

அப்புறம், இங்கே காமன் கூத்து மட்டும் இல்லை. அர்ச்சுனன் தபசு இருக்கிறது. உயரமான தபசு மரத்தில் அர்ச்சுனன் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவதை நீங்கள் கீழேயிருந்து எப்படிப் பிடிக்கப் போகிறீர்கள் என்று மல்லியோடு பொடியன்கள் இப்போதே வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பொன்னர் சங்கர் ஆடுகிற தோட்டங்களும் இருக்கின்றன, கதையில் வீரர்கள் மடிந்து படுகளம் விழுகிற இரவை ஒரு தடவையாவது நீங்கள் பார்க்க வேண்டும். திருவிழாவுக்குத் தேதி குறித்ததும் தலைவர் உங்களுக்குக் கோல் எடுப்பார். இந்தத் தடவை வேனில் தூங்க வேண்டாம், எங்கள் வீட்டிலும் மாஸ்டர் வீட்டிலும் இடம் ஒதுக்கியாயிற்று. கம்பளி கொண்டுவாருங்கள், மழைக்கோட்டும் கொண்டுவாருங்கள். ஒலிப்பதிவு அண்ணனைக் கட்டாயம் கூட்டி வாருங்கள், தப்புக்காரர்கள் அவர் வராவிட்டால் மைக்கைக் கிட்ட விடமாட்டோம் என்கிறார்கள்.

அன்புடன்,
கூத்துக் குழுவுக்காக,
தோட்டப் பாடசாலை ஆசிரியை