பூங்கா வாசலில் நிற்பவருக்கு என்ன அதிகாரம்? சென்னை மாநகராட்சி ஆணையருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கும் பூங்காத் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை இரவு. ஆயிரம் விளக்கு மாடல் ஸ்கூல் சாலையில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடித்துக் குதறின. காப்பாற்றப் போன தாயும் கடிபட்டார். ஊரே பதறிய செய்தி அது. எந்த நாயை வளர்க்கலாம், எதை வளர்க்கக் கூடாது என்று வாரக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது. அந்தச் சத்தத்தில் ஒரு விவரம் அமுங்கிப்போனது. அந்தக் குழந்தை பூங்காக் காவலாளியின் மகள். குடும்பமே பூங்காவுக்குள் ஓர் அறையில் குடியிருந்தது. அப்பா ஒரு துக்கத்துக்காக வெளியூர் போயிருந்தார்.

ஒரே ஒரு ஆள். அவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பூங்காவுக்குக் காவல் இல்லை.

அப்புறம் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். நாயின் உரிமையாளர் கைதானார். சிகிச்சைச் செலவை மாநகராட்சி ஏற்றது. நாய்க்கு உரிமம் வேண்டும், வெளியே கூட்டிவந்தால் சங்கிலியும் வாய்மூடியும் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னீர்கள். எல்லாம் சரி. அந்த விதியைப் பூங்கா வாசலில் நின்று சொல்லப்போவது யார்?

வாட்ச்மேன்தான். பெரும்பாலும் ஒப்பந்ததாரர் வைத்த ஆள், பாதிப் பேர் தாத்தா வயதுக்காரர்கள். காரில் வந்து இறங்குகிறவரிடம் அவர் போய், "சார், வாய்மூடி இல்லாம உள்ள விட முடியாது" என்று சொன்னால், "நீ யாருய்யா அதைச் சொல்ல?" என்று கேள்வி வரும். அவர் என்ன பதில் சொல்வார்? கையில் ஒரு தடி இருக்கிறது, சில சமயம் ஒரு விசில். மாநகராட்சியின் ஆள் என்று காட்ட ஒன்றும் இல்லை. அந்த சார் ஒரு போன் போட்டால் நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம் மட்டும் இருக்கிறது. பேசாமல் கேட்டைத் திறந்துவிடுவார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே தடி, மரத்தடியில் பேசிக்கொண்டிருக்கும் காதலர்களை விரட்டவும், மதிய வெயிலுக்கு ஒதுங்கிப் படுத்திருக்கும் டெலிவரி பையனைத் தட்டி எழுப்பவும் நீள்வதுண்டு. எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எழுதிக் கொடுக்காவிட்டால் இப்படித்தான் ஆகும். வசதியானவரிடம் வாய் திறக்காது. வசதியில்லாதவரிடம் வாய் மூடாது.

ஆள் மேல் நம்பிக்கை இல்லாததால் நாம் பூட்டை நம்புகிறோம். அண்ணா நகர் டவர் பார்க் நல்ல உதாரணம். 1968 வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம், 135 அடி உயரம். மேலிருந்து விழுந்து உயிர்கள் போனதால் 2011இல் ஏறவே விடாமல் மூடினார்கள். கம்பி அடைப்புப் போட்டு மறுபடி திறக்க 2023 ஆனது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அந்தக் கோபுரத்தைக் கீழிருந்தே பார்த்து வளர்ந்துவிட்டார்கள்.

நியூயார்க் நகரமும் ஒரு காலத்தில் இந்த நிலையில்தான் இருந்தது. எழுபதுகளின் பணமுடையில் அதன் பூங்காக்கள் சீரழிந்தன, இருட்டினால் உள்ளே போக ஜனங்கள் பயந்தார்கள். 1979இல் நகரப் பூங்காக் காவலர்கள் என்று சீருடையோடு ஒரு அணியை இறக்கினார்கள். வழி சொல்வது, மரத்தையும் பறவையையும் காட்டி விளக்குவது, தப்பு நடந்தால் தடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. ஓரிரு வருடத்தில், அபராதச் சீட்டு எழுதவும் கைது செய்யவும் அதிகாரம் கொண்ட தனிப்பிரிவு ஒன்றும் வந்தது. அந்தக் கைது அதிகாரமெல்லாம் நமக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குப் போலீஸ் இருக்கிறது. ஆனால் சீருடை போட்ட ஒருவர் தினமும் சுற்றி வந்து நாலு பேரிடம் பேசினாலே பாதிப் பிரச்சினை வராது.

நம் ஊரில் பூங்காக்களுக்காக 1959இலேயே தனிச் சட்டம் வந்தது. அனுமதியில்லாமல் பூங்கா நிலத்தை வேறு காரியத்துக்குத் திருப்ப முடியாது. நிலத்துக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பில் கொஞ்சமாவது அங்கே நிற்கிற ஆளுக்கும் வேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியமில்லை. காவலாளிக்கு மாநகராட்சி முத்திரையுள்ள சீருடையும் அடையாள அட்டையும் கொடுங்கள், சம்பளம் எந்த ஒப்பந்ததாரர் வழியாகப் போனாலும் சரி. எட்டு மணி நேர ஷிப்ட் போடுங்கள், விடுப்பு எடுத்தால் மாற்று ஆள் வர வேண்டும். பாம்பு கடித்தால், வயதானவர் நடக்கும்போது மயங்கி விழுந்தால், விளக்குக் கம்பத்தில் மின்சாரம் கசிந்தால் என்ன செய்வது என்று பயிற்சி கொடுங்கள். மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்கு நம்மைப் போல அவரும் போன் செய்து காத்திருக்கக் கூடாது. மண்டல அலுவலகத்தையும் காவல் நிலையத்தையும் நேரே கூப்பிட ஓர் எண் வேண்டும். செடிக்குத் தண்ணீர் விட்டுக் கூட்டிப் பெருக்கும் பெண்களுக்கு அந்தப் பூங்காவின் மூலை முடுக்கெல்லாம் தெரியும். விருப்பமுள்ளவர்களை மாலை ஷிப்டில் காவலுக்கு எடுத்தால், விளக்கு வைத்த பிறகும் பெண்கள் தைரியமாக நடக்க வருவார்கள்.

முக்கியமாக, அவருடைய அதிகாரம் இவ்வளவுதான் என்று தமிழில் எழுதி கேட்டிலேயே மாட்டுங்கள். வாய்மூடி இல்லாத நாயை அவர் நிறுத்தலாம், சும்மா உட்கார்ந்திருப்பவரை எழுப்பக் கூடாது என்று அதில் இருக்கட்டும். காரில் வருகிறவரும் படிக்கட்டும், காவலாளியும் படிக்கட்டும்.

எல்லாப் பூங்காவிலும் ஒரே நாளில் முடியாது என்றால் மாடல் ஸ்கூல் சாலைப் பூங்காவிலிருந்து தொடங்குங்கள். எப்போது என்று ஒரு தேதி சொன்னால் போதும்.

இப்படிக்கு,
தினமும் காலையில் பூங்காவில் நடக்கும் சென்னைவாசி